பார்க்கின்சன் நோயும் குடலும்: குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கம், உடல் இறுக்கம், தளர்ந்த நடை இவைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். மலச்சிக்கலை யாரும் அந்த நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். துருவிக் கேட்டால், நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே வயிறு சரியாகப் போனதில்லை என்று பலரும் சொல்கிறார்கள்.

1817இல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் மலச்சிக்கலையும் அப்போதே குறித்துவைத்தார். ஹவாயில் ஆண்கள் 6,790 பேரை 20 வருடங்களுக்கும் மேலாகக் கண்காணித்து 2001இல் முடிவு வெளியிட்டார்கள். தினம் ஒரு முறை மலம் கழித்தவர்களைவிட, தினசரி போகாதவர்களுக்கு பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 2.7 மடங்கு. இதைப் படித்துவிட்டு மலச்சிக்கல் உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் மிகப் பரவலானது, அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது. ஆனால் மலச்சிக்கலோடு வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவுக்கேற்ப கைகால்களை வீசுவது, கத்துவது இவையும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

இந்த நோயில் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து நரம்பணுக்களில் திரள்கிறது. உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் அழிகின்றன. அதே திரள்கள் குடல் சுவரின் நரம்புகளிலும் காணப்படுகின்றன. சிலருக்கு நோய் குடலில் தொடங்கி, வயிற்றையும் மூளைத்தண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மேலே ஏறுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஹைகோ பிராக் 2003இல் முன்வைத்தார். எல்லோருக்கும் அப்படி இல்லை. மூளையில் தொடங்கிக் கீழே இறங்கும் வகையும் உண்டு என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில் பாக்டீரியா எங்கே வருகிறது? 2015இல் ஹெல்சிங்கியில் 72 நோயாளிகளையும் நோயற்ற 72 பேரையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளின் மலத்தில் பிரிவோடெல்லா குடும்பத்து பாக்டீரியா மிகவும் குறைந்திருந்தது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தரும் வகைகள் குறைவதைப் பிற ஆய்வுகளும் காட்டின. பியூட்டிரேட் குடல் உட்சுவர் அணுக்களின் உணவு. அது குறைந்தால் சுவர் பலவீனமாகி அழற்சி கூடும். 2016இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில், ஆல்பா சைனூக்ளின் அதிகம் சுரக்கும் எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது இயக்கக் குறைபாடு வெகுவாகக் குறைந்தது. நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைச் செலுத்தியதும் குறைபாடு கூடியது. இது எலியில் கண்டது. மனிதரில் மலச்சிக்கலே பாக்டீரியாவை மாற்றியதா, மாறிய பாக்டீரியா நோயைத் தூண்டியதா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே "குடலைச் சுத்தம் செய்தால் பார்க்கின்சன் போய்விடும்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். ஆரோக்கியமானவரின் மல பாக்டீரியாவை மாற்றிச் செலுத்தும் சிகிச்சையில், 2024இல் வெளியான பெல்ஜிய ஆய்வில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. அதே வருடம் வந்த பின்லாந்து ஆய்வில் பலன் தெரியவில்லை.

இன்றைக்கே நம் கையில் இருப்பது மாத்திரை விஷயம். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா, அதாவது சின்டோபா வகை மாத்திரை, இரைப்பையைத் தாண்டி சிறுகுடலின் மேல்பகுதிக்குப் போன பிறகுதான் உறிஞ்சப்படும். இரைப்பை மெதுவாகக் காலியானால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். போதாததற்கு, என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற குடல் பாக்டீரியாவின் நொதி லெவோடோபாவைக் குடலிலேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது என்று 2019இல் கண்டறிந்தார்கள். குடலில் உருவாகும் டோபமைன் மூளைக்குள் போகாது. கூடவே தரப்படும் கார்பிடோபா, இதே மாற்றத்தைச் செய்யும் நம் உடலின் நொதியைத்தான் தடுக்கும், பாக்டீரியாவின் நொதியை அல்ல. ஒரே அளவு மாத்திரை ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புரதமும் லெவோடோபாவும் குடல் சுவரைக் கடக்க ஒரே வழிக்குப் போட்டியிடுகின்றன. பாலோடு மாத்திரை கொடுப்பதும், இட்லி சாம்பார் சாப்பிட்ட கையோடு கொடுப்பதும் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். குமட்டினால் புரதமில்லாத ஒரு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருப்பு, முட்டை, மீனை நிறுத்திவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும். பகலில் மருந்தின் பலன் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும், புரதத்தின் பெரும்பங்கை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மலச்சிக்கலைச் சரிசெய்தால் மாத்திரையும் சீராக வேலை செய்ய வாய்ப்பு கூடும். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கலாம். கீரை, அவரை, கொத்தவரை, கொய்யா, முழுப்பயறு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் கழிப்பறையில் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு சிறு முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கச் செய்யுங்கள். இசப்கோலைப் பலரும் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சிப் பருத்து குடலை அடைத்துவிடக்கூடும், விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தொண்டையிலேயே சிக்கும். குறைந்தது 240 மில்லி தண்ணீர் வேண்டும். விழுங்கும் சிக்கல் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். இந்த நோயில் மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, வழக்கமாக தினம் 17 கிராம், மருத்துவர் சொன்னபடி தண்ணீரில் கரைத்துத் தருவது நன்றாக உதவுகிறது.

நல்ல பாக்டீரியாவுக்காக இட்லியை நம்ப வேண்டாம், மாவில் இருந்தவை ஆவியில் வெந்து செத்துவிடும். தயிரிலும் பழைய சோற்றிலும் உயிரோடு இருக்கும். தயிரில் புரதம் உண்டு, அதை மாத்திரை நேரத்தோடு சேர்க்காதீர்கள். புரோபயாடிக் மலச்சிக்கலைக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, நோயைத் தடுத்து நிறுத்தியதாக நிரூபணம் இல்லை.

மிகவும் கவலை தருவது "கேஸ் மாத்திரை". பார்க்கின்சன் உள்ளவர் வயிறு உப்புசம் என்று மருந்துக் கடைக்குப் போனால், அமிலத்தைக் குறைக்கும் ரேபெப்ரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூல் சுலபமாகக் கிடைக்கிறது. லெவோசல்பிரைடு டோபமைனைத் தடுக்கும் மருந்து. பார்க்கின்சன் இல்லாதவருக்கே மாதக்கணக்கில் தின்றால் நடுக்கமும் இறுக்கமும் வரக்கூடும், இருப்பவருக்கு நோய் மோசமாகும். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், சின்னரிசின் இவையும் அப்படித்தான். நடுக்கத்துக்கு எழுதப்படும் டிரைஹெக்சிபெனிடில் மலச்சிக்கலையும் மறதியையும் கூட்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பின்பக்கத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் அந்த அட்டையோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். லெவோடோபாவை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயிறு வீங்கி, வாந்தியோடு காற்றும் மலமும் போகாமல் நின்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். எனிமா கொடுத்துப் பார்த்துக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.