பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருந்த மருந்து

அரிவாள் செல் சோகை இருக்கிறதா என்று பார்க்க மிக எளிமையான ஒரு பரிசோதனை உண்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் கரைசலில் விடுவார்கள். கரைசல் சிவப்பணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிவிடும். சில நிமிடம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட ஓர் அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. குழாய் மோர் போலக் கலங்கிக் கோடுகள் மறைந்துபோனால், அந்த ரத்தத்தில் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது.

இதே பரிசோதனையைப் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குச் செய்தால் ஏமாந்துபோவோம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பிழையான மரபணு இரண்டும் குழந்தைக்கு வந்திருக்கலாம். இருந்தும் கோடுகள் பளிச்சென்று தெரியும். குழந்தையும் நன்றாகப் பால் குடித்துக்கொண்டு, வலி எதுவும் இல்லாமல் இருக்கும். ஆறு மாதம் போல ஆன பிறகுதான் கைவிரல்களும் பாதங்களும் வீங்கத் தொடங்கும், குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும்.

அந்த முதல் சில மாதங்கள் குழந்தையைக் காப்பாற்றியது எது? உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற கிரிஸ்பர் சிகிச்சை, அதாவது மரபணுவை வெட்டி மாற்றும் சிகிச்சை, இந்தக் கேள்விக்கான விடையிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். 1904-இல் கிரனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த ஓர் இளைஞரின் ரத்தத்தில், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் சில நீண்டு வளைந்து கிடந்தன. அதை சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் எழுதி வெளியிட்டார். அணுவின் வடிவம் அவருக்கு அரிவாளை நினைவூட்டியது. வெட்டரிவாள் அல்ல, நம் ஊரில் நெல் அறுக்கும் கருக்கரிவாளின் வளைவு. 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், கோளாறு அணுவில் அல்ல, அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கிறது என்று காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வெர்னான் இங்ராம் அந்தக் கோளாறின் சரியான இடத்தைக் கண்டுபிடித்தார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. மரபணுவின் எழுத்துகளில் பார்த்தால் ஜிஏஜி என்று இருக்க வேண்டியது ஜிடிஜி என்று இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து.

குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். ஹீமோகுளோபின் தன் ஆக்ஸிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்த பிறகு அதன் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. அப்போது அதன் உடலில் ஒரு பள்ளம் வெளியே தெரிகிறது. பக்கத்து மூலக்கூறின் வேலின் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் போய்ப் பொருந்திக்கொள்ளும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று. கடைசியில் பதினான்கு இழை முறுக்கிய கயிறாக அது நீண்டு, சிவப்பணுவின் தோலை உள்ளிருந்து நெம்புகிறது. அணு வளைந்து விறைத்துப்போகிறது. நல்ல சிவப்பணு தன்னைவிட ஒடுங்கிய நுண்குழாயில் கூட நெளிந்து நுழைந்து போய்விடும். விறைத்த அணுவால் முடியாது. அது சிக்கிக்கொள்ள, பின்னால் வருவதும் தேங்க, ரத்தம் போகாத எலும்பும் தசையும் வலிக்கத் தொடங்கும். இந்த வலியை அனுபவித்தவர்கள் எலும்புக்குள் கண்ணாடித் தூள் ஓடுவது போல என்பார்கள். அணுக்களும் சீக்கிரம் செத்துப்போகின்றன. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இவை 10 முதல் 20 நாள்தான். சோகை வருவது அதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது. ஆக்ஸிஜனை விட்டவுடனே கயிறு திரிந்துவிடாது. முதல் சில மூலக்கூறுகள் ஒன்றுசேரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால், ஆக்ஸிஜன் மறுபடி ஏறி, ஆபத்து விலகிவிடும். இந்தத் தாமதம் எவ்வளவு என்பது அணுவுக்குள் அரிவாள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடர்த்தி கொஞ்சம் குறைந்தாலே போதும், தாமதம் பல மடங்கு நீண்டுவிடும். அதாவது நோயை வெல்ல அரிவாள் ஹீமோகுளோபினை முழுக்க ஒழிக்க வேண்டியதில்லை. அதோடு சேராத வேறொன்றைக் கலந்துவிட்டால் போதும்.

அந்த வேறொன்று ஏற்கெனவே நம் ஒவ்வொருவரிடமும் இருந்தது. கருவில் இருக்கும்போது நாம் மூச்சு விடுவதில்லை. ஆக்ஸிஜனை அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொள்கிறோம். அம்மாவின் ஹீமோகுளோபினிடமிருந்து இழுத்து வாங்க வேண்டுமானால், நம்முடையது அதைவிட இறுக்கமாக ஆக்ஸிஜனைப் பிடிக்க வேண்டும். அதற்காகவே கருவுக்குத் தனி ஹீமோகுளோபின். இதில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா என்ற சங்கிலி இருக்கிறது. பீட்டாவே இல்லாததால் பிழையான வேலினும் இல்லை, கயிறு திரிவதும் இல்லை. பிறந்த பிறகு உடல் மெல்ல மெல்லக் காமா மரபணுவை மூடி, பீட்டாவைத் திறக்கிறது. ஒரு வயதுக்குள் மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிடும். பெரியவர்களில் கரு ஹீமோகுளோபின் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-இலேயே இதை ஊகித்துவிட்டார். நோய் வரப்போகும் குழந்தைகளின் ரத்தத்தில்கூட முதல் சில மாதங்கள் அரிவாள் அணுக்கள் குறைவாகவே இருப்பதைப் பார்த்து, கரு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்றார். டி.என்.ஏ.யின் வடிவம் கூடத் தெரியாத காலம் அது. நோயாளிக் குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்த ஒருவரின் கண்ணுக்கு எட்டிய உண்மை, கிரிஸ்பர் சிகிச்சையாக மாற எழுபத்தைந்து ஆண்டு ஆனது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

இயற்கையும் அவர் பக்கம் சாட்சி சொன்னது. சில குடும்பங்களில் வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு அரிவாள் செல் மரபணு வந்தாலும் நோய் பெரிதாகப் படுத்துவதில்லை. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் காணப்படும் அரிவாள் செல் மரபணுவின் சுற்றுப்புற டி.என்.ஏ. ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்டது. அதனால் நம் நோயாளிகளிடம் கரு ஹீமோகுளோபின் சராசரியாகக் கூடுதலாகவே இருக்கும். இதை வைத்து நம்மவர்களுக்கு நோய் லேசு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். லேசாக இருப்பவர்களும் உண்டு, குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக அவதிப்படுகிறவர்களும் உண்டு.

சரி, மூடிய மரபணுவைத் திறப்பது எப்படி? புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் உயர்த்தும் என்று தெரியவந்து, 1998-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. விலை மலிவு, பலன் உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை, தினமும் சாப்பிட்டாக வேண்டும். பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கதவைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான் அது.

பூட்டு 2008 வாக்கில் கிடைத்தது. யாருக்குக் கரு ஹீமோகுளோபின் அதிகம், யாருக்குக் குறைவு என்று ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதுவரை ரத்தச் சிவப்பணுவோடு யாரும் தொடர்புபடுத்தாத பிசிஎல்11ஏ என்ற மரபணு கண்ணில் பட்டது. ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் அதை அடக்கிப் பார்த்தார். சிவப்பணுக்களில் காமா மறுபடி உற்பத்தியானது. காமாவைப் பூட்டி வைத்திருந்த காவல்காரன் பிசிஎல்11ஏ புரதம்தான்.

அப்புறம் ஒரு பெரிய சிக்கல். இந்தக் காவல்காரனை உடல் முழுக்க ஒழித்துவிட முடியாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாகவும் மூளை வளரவும் அதே புரதம் வேண்டும். வழி காட்டியது டேனியல் பாவர், ஆர்க்கின் குழுவினரின் 2013 ஆய்வு. பிசிஎல்11ஏ மரபணுவுக்குள்ளேயே ஒரு சிறு பகுதி, சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் சுவிட்சாக வேலை செய்கிறது. வீட்டு மெயினை அணைக்காமல் ஓர் அறையின் சுவிட்சை மட்டும் கழற்றுவது போல, இந்தப் பகுதியைக் கெடுத்துவிட்டால் போதும். மற்ற செல்களில் காவல்காரன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கெடுப்பதற்குக் கருவி அப்போது தயாராகிவிட்டது. கிரிஸ்பர் முறையில் காஸ்9 என்ற நொதிதான் கத்தரி. வெட்ட வேண்டிய இடத்தின் எழுத்துகளோடு பொருந்தும் ஆர்.என்.ஏ. துண்டு அதற்கு வழிகாட்டி. வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைச் செல் அவசரமாக ஒட்டவைக்கும். அந்த அவசரத்தில் சில எழுத்துகள் விழும், சில கூடும். சுவிட்சைத் தொட்டு இயக்க வரும் புரதம் உட்கார வேண்டிய இடம் இப்படிச் சிதைந்துவிடும். பிழையான ஓர் எழுத்தைச் சரியாகத் திருத்தி எழுதுவது கடினம். ஒரு சுவிட்சைக் கெடுப்பது சுலபம். விஞ்ஞானிகள் அந்தச் சுலபமான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜிடிஜி என்ற பிழை இன்றும் அந்த நோயாளிகளின் உடலில் அப்படியே இருக்கிறது.

மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த விக்டோரியா கிரே, நான்கு குழந்தைகளின் தாய், 2019 ஜூலையில் நாஷ்வில் நகர மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைப் பெற்றார். அமெரிக்காவில் அரிவாள் செல் சோகைக்கு கிரிஸ்பர் சிகிச்சை எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர். ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து, செல்லின் தோல் திறக்கும் கணத்தில் கத்தரியை உள்ளே அனுப்பித் திருத்தினார்கள். திருத்திய செல்கள் தயாராகிப் பரிசோதனை முடியப் பல மாதம். அதன் பிறகு கடுமையான கீமோதெரபி கொடுத்து மஜ்ஜையில் இருந்த பழைய செல்களை அழித்துவிட்டு, திருத்தியவற்றை சாதாரண ரத்தம் ஏற்றுவது போல ஏற்றினார்கள். ஒரு வருடம் ஆனபோது அவருடைய ஹீமோகுளோபினில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கரு ஹீமோகுளோபின். மருத்துவமனைக்குத் துரத்திய வலி நின்றுபோனது.

பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் காஸ்ஜெவி என்ற பெயரில் இதற்கு அனுமதி கொடுத்தன. அமெரிக்க அனுமதிக்குக் காட்டிய கணக்கில், போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஒரு வருடமாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை.

ஆனால் அந்த கீமோதெரபியை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. வாய் முழுக்கப் புண், முடி உதிர்தல், வாரக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத நிலை, பிறகு குழந்தை பெற முடியாமல் போகும் அபாயம். இருபது வயதுப் பெண்ணோ பையனோ இதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.

இந்த விலையைப் படிக்கும்போது எனக்கு நீலகிரி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று அது. லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். இருளர், பணியர், குறும்பர் ஆகியோரிடையே அது இன்றும் இருக்கிறது. ஒற்றை மரபணு மட்டும் இருந்தால் மலேரியா கடுமையாகத் தாக்காது என்பதால், மலேரியா உலவிய காட்டோரங்களில் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. காட்டுக் காய்ச்சலிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காத்த அதே மரபணு, இரண்டாகச் சேர்ந்தபோது சிலரை வாட்டியது.

மலிவான வழிக்கு முயற்சி நடக்கிறது. டெல்லியில் உள்ள, மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த ஆய்வகம் ஒன்று உருவாக்கிய உள்நாட்டு கிரிஸ்பர் சிகிச்சைக்கு, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக பிர்சா 101 என்று பெயர் வைத்து 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அது மலைக்கிராமம் வரை வந்து சேர இன்னும் பல படிகள் இருக்கின்றன. அதுவரை கையில் இருப்பது ஹைட்ராக்ஸியூரியாவும், 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் ரத்தப் பரிசோதனையும், பென்சிலினும்தான்.

பென்சிலினை நான் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நோயில் மண்ணீரல் மிகச் சீக்கிரம் கெட்டுப்போகிறது. அது இல்லாத குழந்தையை நிமோகாக்கஸ் கிருமி ஒரே நாளில் கொன்றுவிடக்கூடும். தினமும் இருவேளை வாய்வழி பென்சிலின் கொடுத்தால் அந்தத் தொற்று 84 சதவீதம் குறையும் என்று 1986-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அதைக் கரு ஹீமோகுளோபினின் பாதுகாப்பு தீர்வதற்குள், முதல் இரண்டு மூன்று மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். கோடு போட்ட அட்டையால் இங்கே பயனில்லை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவியில் வைக்க வேண்டும். நோயுள்ள பச்சைக்குழந்தையின் வரைபடத்தில் கரு ஹீமோகுளோபின் உயரமான ஒரு முகடாக நிற்கும். கொஞ்சம் தள்ளி அரிவாள் ஹீமோகுளோபினின் குட்டி முகடு. இயல்பான ஹீமோகுளோபின் எழ வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாக ஓடும்.