ஜெம் கிளிப்பும் இருபதாவது வரிசையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு அலசூரில் அண்ணன் வீட்டு மொட்டைமாடி. அண்ணன் மகனுக்குப் பத்து வயது. பழைய தேர்வுத்தாள்களை மடித்து ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தான். காகித விமானத்துக்கு எங்கள் வீட்டில் இன்றும் ராக்கெட் என்றுதான் பெயர். ஒவ்வொன்றும் மூக்கைத் தூக்கி, ஒரு நொடி தயங்கி, தொப்பென்று விழுந்தது. "அத்தை, நீங்கள் ஏர்போர்ட்டில்தானே வேலை பார்க்கிறீர்கள்? இது ஏன் விழுகிறது?" என்று கேட்டான்.

என் வேலை லோடு கன்ட்ரோல். தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விமானத்திலும் எவ்வளவு எடை, அது எந்த இடத்தில் என்று கணக்குப் போடுகிறேன். பயணிகள் யாரும் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்கள் தரும் லோடு ஷீட்டை, அதாவது அந்த எடைக் கணக்குத் தாளை, விமானி ஏற்றுக்கொள்ளாமல் விமானம் நகராது. ஆக, பையன் கேட்டது சரியான ஆளிடம்தான்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜெம் கிளிப் எடுத்து மூக்கில் செருகினேன். ராக்கெட் மாடியின் மறுகோடிவரை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது கிளிப்பையும் அவனே செருகினான். கல்லெறிந்தது போல் நேரே தரையில் குத்தியது. மூன்றாவது முறை நான் சொல்லாமலே கிளிப்பை வாலில் மாட்டினான். பறப்பதாவது! செங்குத்தாக நிமிர்ந்து, கரணமடித்து, எங்கள் காலடியிலேயே விழுந்தது.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். சின்ன ஜெம் கிளிப் ஏறக்குறைய அரை கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஏர்பஸ் 320 நியோ விமானம் அதிகபட்சம் 79 டன் எடையுடன் புறப்படலாம். அதில் பத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 8 டன், கைப்பையோடு நூறு பேர். மூக்கிலிருந்து வாலுக்கு அந்தக் கிளிப் போனது, நூறு பேர் எழுந்து பின்னால் ஓடியதற்குச் சமம். நிஜ விமானத்தில் அப்படி நடக்காது. ஆனால் இருபது, முப்பது பேர் இடம் மாறுவது எனக்கு வாரம் ஒருமுறையாவது வரும் தலைவலி.

2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீஃப் ரிஸ்ட்ரோஃபும் சகாக்களும் இதையே ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். தாளில் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, எடை மையத்தை, அதாவது மொத்த எடையும் சமனாகும் புள்ளியை, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினார்கள். மையம் நடுவிலேயே இருந்தால் தாள் படபடத்துப் புரளும். மிக முன்னே போனால் குப்புற விழும். இடையில் ஒரு குறுகிய இடத்தில் மட்டும் அது தன்னைத் தானே திருத்திக்கொண்டு மிதக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதேபோல் ஒரு குறுகிய இடம் உண்டு. எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை சதவீதத்துக்கும் இத்தனை சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். என் பிழைப்பே அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

முன்பக்கம் கனத்தால் வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டியிருக்கும். எரிபொருள் அதிகம் செலவாகும், மூக்கைத் தூக்கச் சிரமமாகும். வரம்பைத் தாண்டிப் பின்பக்கம் கனத்தால் விமானம் முரட்டு மாடு. மூக்கு கொஞ்சம் மேலே போனால் இன்னும் மேலே போகத்தான் பார்க்கும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் புறப்பட்ட பீச்கிராஃப்ட் 1900 ரகச் சிறு விமானம் இப்படித்தான் நிமிர்ந்து விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் பலகையின் கம்பிவடம் பராமரிப்பில் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதோடு எடையும் கூடுதல், எடை மையமும் வரம்பைத் தாண்டிப் பின்னே. ஊழியர்கள் போட்ட கணக்கிலோ எல்லாம் சரியாகவே இருந்தது. பயணிகளின் சராசரி எடை என்று அவர்கள் எடுத்துக்கொண்ட எண் பழையது, மனிதர்கள் அதைவிடக் கனத்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே அந்தச் சராசரியை உயர்த்தினார்கள்.

ஆம், உங்களை நாங்கள் நிறுத்துப் பார்ப்பதில்லை. பெரியவருக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று ஓர் எண். 2020 ஜூலையில் பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 737-இல், 'மிஸ்' என்று பதிந்திருந்த 38 பெண்களை மென்பொருள் குழந்தைகளாக எடுத்துக்கொண்டது. 69 கிலோ போட வேண்டிய இடத்தில் 35 கிலோ. லோடு ஷீட் சொன்னதைவிட விமானம் ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல் கனமாகப் பறந்தது. நல்லவேளை, ஆபத்து எதுவும் இல்லை. நமக்கு மிஸ் என்றால் டீச்சர். அந்த மென்பொருளை எழுதிய நாட்டில் சிறுமி.

உங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் அதிகாலை விமானம், பாதிக்கு மேல் காலி. கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் ஒன்று, இருபத்திரண்டு பேர். சமநிலைக்காகவே அவர்களை இருபதாவது வரிசைக்குப் பின்னால் போட்டிருந்தோம். கதவு மூடியதும் மொத்தக் கூட்டமும் முன்வரிசைகளுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பணிப்பெண் திரும்பப் போகச் சொன்னதற்கு, "சும்மா கிடக்கிற சீட்தானே அம்மா, இதற்கும் காசா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தாராம். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இருக்கைத் தேர்வுக்குத் தனியாகப் பணம் வாங்கி வாங்கி, எல்லாமே வியாபாரம் என்று பயணிகளை நினைக்கவைத்தது எங்கள் துறைதான். ஆனால் அன்று நடந்தது வியாபாரம் அல்ல. வாலில் உள்ள கிடைச்சிறகின் கோணத்தைப் புறப்படும் முன்பே விமானி எங்கள் எண்ணைப் பார்த்துத்தான் அமைக்கிறார். ஆட்கள் ஓரிடத்தில், எண் வேறிடத்தில் என்றால் ஓடுபாதையில் மூக்கு அவர் எதிர்பார்த்தபடி எழாது.

ஒருவர் ஜன்னலோரத்துக்கு மாறுவதால் ஒன்றும் ஆகாது. பறக்கும்போது கழிவறைக்கு நடப்பதாலும் ஆகாது, விமானம் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கூட்டமாக மாறுவதும், புறப்படுமுன் கேட்காமல் மாறுவதும்தான் கூடாது. கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். இல்லையென்றால் எங்களுக்கு ஒரு போன் வரும், நாங்கள் கணக்கை மாற்றித் தருவோம்.

தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ போகும் ஏடிஆர் 72 விமானத்தில் ஏறியிருப்பீர்கள். ஏறுவது பின்கதவு வழியாக. வாலடியில் ஒரு முட்டுக்கோல் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் பின்னால் கூடும்போது விமானம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான் அது. பெரிய விமானமும் சாயும். 2023 அக்டோபரில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஏர்பஸ் 321-இன் மூக்கு மேலே எழுந்து, வால் தரையில் இடித்தது. ஊழியர் "வரிசையாக, மெதுவாக" என்று கத்துவது உங்களை அதட்ட அல்ல.

இன்னொன்று கைப்பை. 7 கிலோ என்றால் 7 கிலோதான். கவுன்டரில் ஒரு விரலால் தூக்கிக் காட்டி, உள்ளே பதினான்கு கிலோ வைத்திருக்கும் வித்தையில் நம்மவர்கள் தேர்ந்தவர்கள். உங்கள் சராசரிக்குள் ஓர் இட்லி அரிசி மூட்டையும் அடக்கம் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அடுத்த வாரம் அம்மா அண்ணன் மகனோடு தூத்துக்குடி கிளம்பினார். பையன் அவர் கைப்பையைக் குளியலறை எடைமெஷினில் தூக்கி வைத்தான். 11 கிலோ. உள்ளே சித்திக்கென்று வாங்கிய இரும்பு தோசைக்கல். "இதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று என் முன்னாலேயே கேட்டார் அம்மா. தோசைக்கல் செக்-இன் பெட்டியில், தன் எடையோடு பதிவாகிப் போனது. அன்றைய லோடு ஷீட்டைப் போட்டது எனக்குப் பக்கத்து மேசைக்காரர்.