பந்தயத்துக்கு ஒரு வாழைப்பழம், பயிற்சிக்கு ஒரு குண்டான் சோறு

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் 8 தங்கம் வென்றபோது, அவருடைய நீச்சலுக்கு இணையாகச் சாப்பாடும் பேசப்பட்டது. ஒரு நாளைக்கு 12,000 கலோரி என்று பத்திரிகைகள் எழுதின. அது கட்டுக்கதை என்று பின்னாளில் அவரே சொன்னார். 8,000 முதல் 10,000 வரைதான் இருக்கும் என்றார். அதுவே நம் வீட்டில் நாலு பேர் சாப்பாடு.

பந்தயத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்தி முடிப்பவர் செலவழிக்கும் ஆற்றல், ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிடக் குறைவு. முதல் பத்து விநாடிகளில் தசையில் தயாராக இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் கைகொடுக்கும். அப்புறம் தசை சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஆக்சிஜனுக்குக் காத்திராமல் வேகமாக உடையும். மூச்சில் வரும் ஆக்சிஜன் மெல்ல மெல்லப் பங்கு கொள்ளும். 1500 மீட்டர் என்றால் பெரும்பகுதி அதன் வேலைதான்.

வயிற்றைக் காலி செய்வது பயிற்சி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு போகும்போது, வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் விநாடிக்கு விநாடி ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படும். போதாததற்கு, உடல் எரிக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட முன்னேறுவதற்குப் பயன்படுவதில்லை. மீதி வெப்பமாகவும், கை பின்னால் தள்ளிவிடும் தண்ணீரிலும் போய்விடுகிறது. அதனால் ஒரு கிலோமீட்டர் நீந்துவது ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு நாளில் 6 கிலோமீட்டர் நீந்தினால், சுமார் 1,400 கலோரி அதற்கே போய்விடும். தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜனோ எல்லாம் சேர்ந்து 2,000 கலோரி அளவுதான்.

குளிர்ந்த தண்ணீர்தான் பசிக்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. குளிர்ந்த நீரில் நீந்தி வெளியே வந்ததும் பசி அதிகமாகும், சரி. ஆனால் கடுமையாக நீந்தும்போது உடலே வேண்டிய அளவு சூடாக இருக்கும், வியர்க்கவும் செய்யும். தண்ணீருக்குள் இருப்பதால் அது தெரிவதில்லை. நம் ஊர் வெயிலில் திறந்தவெளி நீச்சல் குளம் என்றால் இன்னும் மோசம். குளத்து ஓரத்தில் தண்ணீர் பாட்டில் கட்டாயம் வேண்டும்.

விடியற்காலையில் வெறும் வயிற்றோடு குளத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இரவெல்லாம் மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக் கல்லீரலின் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். சாப்பிட்டால் வாந்தி வரும் என்ற பயம் நெய் வழியும் பொங்கலுக்குப் பொருந்தும். அரை மணி நேரம் முன்னால் சாப்பிடும் ஒரு வாழைப்பழத்துக்குப் பொருந்தாது. மாலையிலும் பயிற்சி உண்டு என்றால், காலையில் நீந்தி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, சாம்பார், முட்டை, பால் என்று வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். சேமிப்பு நிரம்பப் பல மணி நேரம் ஆகும். தாமதித்தால் மாலையில் கை கனக்கும். ஒரே வேளைப் பயிற்சி என்றால் அந்த அவசரம் இல்லை.

கடும் பயிற்சிக் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து வேண்டும். 60 கிலோ பெண்ணுக்குக் குறைந்தது 360 கிராம். வெறும் சோறாகவே கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல்.

எனக்குப் பெரிய கவலை பெண் பிள்ளைகளைப் பற்றித்தான். மெலிந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, சோற்றைக் குறைக்கிறார்கள். எரிப்பதற்கு ஈடாகச் சாப்பாடு கிடைக்காவிட்டால், உடல் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பு பலவீனமாகும். பயிற்சி செய்யும் பெண்ணுக்கு இது சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அன்றைக்கே தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போடுங்கள்.