ஆறு பட்டன் கிளட்ச் சிக்னலுக்கு ஆகாது

மறுபடியும் ஒரு ஸ்கோடா லாரா விஆர்எஸ் பட்டறைக்கு வந்து நிற்கிறது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். கம்பெனி கொடுத்தது 160 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசை). உரிமையாளர் ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி, டார்க்கை 320 வரை ஏற்றியிருக்கிறார். பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எடுத்துவிட்டு அவர் பூட்டியிருப்பதுதான் வயிற்றெரிச்சல்: நடுவில் ஸ்பிரிங் இல்லாத, ஆறு செராமிக் பட்டன் (தனித்தனி உராய்வுத் துண்டுகள்) வைத்த பந்தயக் கிளட்ச். “500 குதிரைத்திறன் தாங்கும்” என்று சொல்லி விற்றார்களாம். இப்போது அந்தக் கார் கோவை அவினாசி சாலையின் ஒவ்வொரு சிக்னலிலும் துள்ளித் துள்ளிக் கிளம்புகிறது. இப்படி வருகிற கார்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 500-ஐ மறந்துவிடுங்கள். கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை. 2000 ஆர்பிஎம்மில் 320 நியூட்டன் மீட்டர் வந்தால் அந்த இடத்தில் குதிரைத்திறன் வெறும் 91தான். ஆனாலும் கிளட்ச் வழுக்குவது அங்கேதான். டர்போ இல்லாத ஓர் எஞ்சின் 6500 ஆர்பிஎம்மில் 250 குதிரைத்திறன் தருகிறது என்றால், அப்போது அதன் டார்க் 270. ரீமேப் செய்த சாதாரண டீசல் கார்கூட அதைவிட அதிகமாகக் கிளட்சைப் படுத்தும். விற்பவரிடம் “எத்தனை நியூட்டன் மீட்டர், எஞ்சினிலா, சக்கரத்திலா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். “பட்டன் பிளேட் என்றால் பிடி அதிகம், அண்ணா” என்று வருகிற தம்பிகள் எல்லோரும் சொல்கிறார்கள். பட்டன் வடிவத்துக்கும் பிடிக்கும் தொடர்பே இல்லை. கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீல் என்ற எஞ்சின் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் தட்டு) அழுத்தும் விசை, உராய்வுப் பொருளின் தன்மை, உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. இந்தக் கணக்கில் பரப்பளவு எங்கே இருக்கிறது? இல்லை. முழு வட்டப் பிளேட்டை வெட்டி ஆறு துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டின் மேலும் அழுத்தம் கூடும், பரப்பு குறையும், மொத்தப் பிடி அப்படியேதான் இருக்கும். கூடுதல் பிடி வருவது செராமிக் கலவையின் உராய்வாலும் கடினமான பிரஷர் பிளேட்டாலும்தான்.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் பட்டன் போடுகிறார்கள்? பிளேட்டின் எடை குறைந்தால் கியர் சட்டென்று விழும். செராமிக் கலவை கடும் சூட்டையும் தாங்கும். செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஓடும் கார், நின்ற இடத்திலிருந்து கிளம்புவது பந்தயத்துக்கு ஒருமுறை. நீங்கள் காந்திபுரத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை கிளம்புகிறீர்கள்? செராமிக்குக்கு அரைக் கிளட்ச் பிடிக்காது. ஒன்று விட்டுவிடும், இல்லையென்றால் கவ்விவிடும். கவ்வும் ஒவ்வொரு முறையும் ஃபிளைவீலின் முகத்தைச் சுரண்டும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், முன்னால் பஸ் நிற்க, ஏற்றத்தில் இந்தக் காரைக் கிளப்பிப் பாருங்கள். லாரியிலும் டிராக்டரிலும் பட்டன் பிளேட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவற்றின் முதல் கியர் எவ்வளவு குட்டை என்று ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கொஞ்சம் வழுக்கும் கிளட்ச்தான் கியர்பாக்ஸின் ஃபியூஸ். அதைக் கட்டிப்போட்டால் அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். கியர்பாக்ஸின் விலையைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் வாதாடுங்கள்.

320 நியூட்டன் மீட்டர் காருக்கு என் பதில் எளிது: சாதாரண ஆர்கானிக் பிளேட் (செராமிக்குக்குப் பதில் நார் கலந்த உராய்வுப் பொருள் வைத்தது), விசை கூடிய பிரஷர் பிளேட், உங்கள் டார்க்குக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் தாங்கும் அளவு. அதற்கு மேல் வாங்குவது பெருமைக்குத்தான். இடது காலும், மிதியின் விசையைப் பிரஷர் பிளேட்டுக்குக் கடத்தும் ரிலீஸ் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும். கடினமான பிரஷர் பிளேட்டை மிதிக்கும்போது அந்த விசை, எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்மேல் போய் விழுகிறது, இதை யாரும் சொல்வதில்லை. சிவப்பு சிக்னல் முழுக்கக் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்களே, நியூட்ரலுக்குப் போங்கள்! உண்மையிலேயே பெரிய டார்க் வைத்திருப்பவர்கள் இரட்டைப் பிளேட் கிட் பார்க்கலாம். உராயும் பக்கங்கள் நான்கு என்பதால் மிதி லேசாகவே இருக்கும். விலை லேசாக இருக்காது. ஐடிலில் கொஞ்சம் சலசலக்கவும் செய்யும்.

கம்பெனி வைத்த இரட்டை நிறை ஃபிளைவீலை (இரண்டு பாகங்களாகப் பிரிந்த ஃபிளைவீல்) அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங்குகள் அதற்குள்தான் இருக்கின்றன. கட்டாயம் ஒற்றை ஃபிளைவீலுக்கு மாற வேண்டுமென்றால் நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட்டே போடுங்கள். லாராக்காரர் ஒற்றை ஃபிளைவீலும் போட்டு, இரண்டு இடத்து ஸ்பிரிங்குகளையும் இழந்திருக்கிறார். அந்தக் கடகடச் சத்தம் அதுதான்.

கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் சரிபாருங்கள். காலியான சாலையில் உயர்ந்த கியரில், 2000 ஆர்பிஎம்மில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் வழுக்கல். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கிளட்சை எரிக்கும் சோதனை வேண்டாம். கியர்பாக்ஸ் இறங்கும்போது கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். சீல் கசிந்தால் எந்தக் கிளட்சும் வழுக்கும். ஃபிளைவீலின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து: புது ஆர்கானிக் கிளட்சுக்கு முதல் 800 கிலோமீட்டராவது ஊருக்குள் ஓட்டம் கொடுங்கள். சேலம் நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் போய் வந்தது இந்தக் கணக்கில் சேராது, ஏனென்றால் பிளேட் பதிவது கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்கும்போதுதான். அதுவரை ரீமேப்பைப் பழைய கம்பெனி அளவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ரீமேப் செய்தவருக்கு அது சில நிமிட வேலை.