இலையில் இல்லாத குளிர்ச்சி

சித்திரை வெயிலில் நடந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் செட்டிநாட்டு வீட்டின் வளவுக்குள் கால் வைத்தால், ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலில் சில்லென்று படும். அதே வீட்டில் புதினா வகையைச் சேர்ந்த பெப்பர்மிண்ட் இலை ஒன்றைக் கிள்ளி மென்று மூச்சை உள்ளே இழுத்தாலும் வாய் சில்லென்றுதான் இருக்கும். முதலாவது உண்மையான குளிர்ச்சி. தரை காலின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. தோலின் வெப்பநிலை கொஞ்சம் இறங்குகிறது. இரண்டாவதில் இறங்கியது எதுவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தால், இலையை மெல்லும் முன்பு காட்டிய எண்ணையே பின்பும் காட்டும். ஆனாலும் மூளைக்குப் போகும் செய்தி இரண்டு இடத்திலும் ஒன்றே. பெப்பர்மிண்ட் வீட்டில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. நரம்புச் செல்லின் சவ்வில் அமைந்த நுண்ணிய நுழைவாயில் அது. சுற்றியுள்ள வெப்பநிலை ஏறத்தாழ 26 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது திறக்கிறது. கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் மின்துடிப்பு கிளம்பி மூளைக்கு ‘குளிர்கிறது’ என்று சொல்கிறது. பெப்பர்மிண்ட் எண்ணெயின் முக்கியப் பொருளான மென்தால் இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது திறக்கும் வெப்பநிலையை மேலே தூக்கிவிடுகிறது. விளைவாக, உடலின் இயல்பான சூட்டிலேயே அந்த நுழைவாயில் திறந்துவிடும். அழைப்பு மணியை அழுத்தியது விருந்தாளியா, தெருவில் போகும் பிள்ளையா என்று உள்கட்டில் இருப்பவருக்குத் தெரியாது; மணி அடித்தால் எழுந்து வருவார். மூளையின் நிலைமையும் அதுதான்.

இந்தப் புரதத்தை 2002இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்று டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், மற்றொன்று ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகம். தேடலுக்கு இருவரும் பயன்படுத்திய கருவியே மென்தால்தான். வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாயில்களைக் கண்டறிந்ததற்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1997இல், ஜூலியஸின் குழு மிளகாய்க்கு உரிய வாயிலைக் கண்டுபிடித்திருந்தது. டிஆர்பிவி1 என்ற அந்தப் புரதம் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். மிளகாயின் கேப்சைசின் பட்டால் சூடே இல்லாமல் திறக்கும்.

காய்ந்த மிளகாயைத் தாராளமாகக் கிள்ளிப்போட்டு உப்புக்கறி செய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டாவது வாயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காரம் தின்ற வாயில் சூடான காபி பட்டால் துடித்துப்போகிறோம். பெப்பர்மிண்ட் மிட்டாய் தின்ற வாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் பனிக்கட்டி போல் உறைக்கிறது. ஏற்கெனவே பாதி திறந்திருக்கும் வாயிலை உண்மையான சூடோ குளிரோ முழுவதும் திறந்துவிடுவதுதான் காரணம். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திக்கொள்ளலாம். காரத்தைப் புதினா தணிக்கும் என்று பலரும் நினைக்கிறோம். கேப்சைசினை அது அகற்றுவதில்லை. மென்தால் உள்ள வகை என்றால், எரிச்சலின் மேல் ஒரு குளிர்ச்சிச் செய்தியைச் சேர்த்து அனுப்புகிறது, அவ்வளவே. நாக்கிலிருந்து கேப்சைசினைப் பிடித்து இழுத்துச் செல்வது மோரில் உள்ள கேசின் என்ற புரதம். புதினா போட்ட நீர்மோரில் வேலை செய்வது பெரும்பாலும் மோர்.

வெயிலுக்கும் இதே கணக்குதான். மென்தால் குளிர்ச்சியாக உணர வைக்கும்; உடலின் உள்வெப்பத்தைக் குறைக்காது. சிவகங்கைச் சீமையின் கோடையில் தலை சுற்றிப் படுத்தவருக்குப் பெப்பர்மிண்ட் தண்ணீர் கொடுத்தால், அதில் பலன் தருவது தண்ணீர். நிழலும் காற்றும் ஈரத்துணியும்தான் உடலிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும். சில்லென்று இருக்கிறதே என்று அவரை மறுபடி வெயிலுக்கு அனுப்புவது ஆபத்து.

இனி செடிக்கு வருவோம். காரைக்குடி சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் புதினா பெப்பர்மிண்ட் அன்று. அது பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். மென்தால் அதில் மிகக் குறைவு. அதனால்தான் சந்தைப் புதினாவில் வைக்கும் துவையல் மணக்கிறது, ஆனால் தொண்டையைச் சில்லிட வைப்பதில்லை. பெப்பர்மிண்ட் என்பது அந்த ஸ்பியர்மிண்டும் நீர்ப்புதினா என்ற இன்னொரு வகையும் கலந்து பிறந்த கலப்பினம். அதன் எண்ணெயில் மென்தால் மட்டும் சுமார் 30 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். கண்டறிவது எளிது: ஓர் இலையை மென்று வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுங்கள். நாக்கு முழுவதும் குளிர்ந்தால் பெப்பர்மிண்ட். இனிப்பான மணத்தோடு நின்றுவிட்டால் கடைப் புதினா. சமையலுக்குக் கடைப் புதினாவே மேல் என்பது என் கருத்து. பெப்பர்மிண்டைக் குருமாவிலோ துவையலிலோ போட்டால் கசப்பும் மருந்து வாசமும் ஏறி, அன்னாசிப்பூ, கல்பாசியின் மணத்தையெல்லாம் அமுக்கிவிடும்.

பெப்பர்மிண்ட் இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பளபளக்கும் மஞ்சள் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி. அடியில் இருக்கும் செல்கள் எண்ணெயைச் சுரந்து, மேலே மெல்லிய தோலின் கீழ் சிறு குமிழாகச் சேமித்து வைக்கின்றன. விரலால் தேய்த்ததும் தோல் கிழிந்து மணம் கிளம்புவது இதனால்தான். இந்த எண்ணெய் ஆவியாகிப் பறந்துவிடும் தன்மை கொண்டது. ஆகவே இலையைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் கொதிக்க விட்டால் அடுக்களை மணக்கும். டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. கொதித்த தண்ணீரை இறக்கி, கசக்கிய இலையின் மேல் ஊற்றி, உடனே தட்டு போட்டு மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட வேண்டும். திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். நாம் தேடும் மணம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, டம்ளருக்குள்ளேயே வழித்துவிடுங்கள். காய்ந்த இலை என்றால் 150 மில்லி தண்ணீருக்கு ஒன்றரை முதல் மூன்று கிராம் போதும். இலையைக் காயவைப்பதும் முற்றத்து வெயிலில் அல்ல, தாழ்வாரத்து நிழலில். காய்ந்ததை நொறுக்காமல் முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி வையுங்கள்.

வயிற்றுக்கு வரும்போது மென்தால் வேறு விதமாக வேலை செய்கிறது. குடலின் சுவரில் உள்ள தசை சுருங்க வேண்டுமானால் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். மென்தால் அந்தக் கால்சியம் வழியை அடைக்கிறது. தசை தளர்கிறது, முறுக்கிப் பிடித்த வலி குறைகிறது, அடைபட்ட வாயு நகர்கிறது. இது வெறும் உணர்வு மட்டுமன்று, தசையில் நடக்கும் மாற்றம். பெருங்குடல் பரிசோதனையின்போது குடல் சுருங்காமல் இருக்கப் பெப்பர்மிண்ட் எண்ணெயைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் உண்டு. எரிச்சல் குடல் நோய் எனப்படும் ஐபிஎஸ் உள்ளவர்களின் தொந்தரவுகளுக்குப் பெப்பர்மிண்டைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது, சான்றுகள் இன்னும் வலுவாக வேண்டும் என்ற குறிப்போடு. அங்கே கொடுக்கப்படுவது இலைத் தேநீர் அன்று. இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரையும்படி பூச்சிட்ட எண்ணெய் மாத்திரை.

அந்தப் பூச்சு ஏன்? உணவுக்குழாயின் அடியில், இரைப்பையின் வாயில், அமிலம் மேலே வராமல் இறுக்கிப் பிடித்திருக்கும் தசை வளையம் ஒன்று இருக்கிறது. மென்தால் அதையும் தளர்த்திவிடும். எனவே திருமண விருந்தில் வாழையிலை நிறையச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரிகிறவர் பெப்பர்மிண்ட் தேநீர் குடித்தால், எரிச்சல் கூடத்தான் வாய்ப்பு அதிகம். வயிறு உப்பி, வாயு பிடித்து, அடிவயிறு முறுக்குகிறதென்றால் குடிக்கலாம். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் என்றால் வேண்டவே வேண்டாம். ‘சீரணத்துக்கு நல்லது’ என்ற பொதுவான பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. விருந்து முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே கஷாயத்தை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூக்கடைப்பில் மென்தால் பழையபடி நரம்போடு பேசுகிறது. ஆவி பிடிக்கும்போது மூக்கு ‘திறந்துகொண்டது’ போல் இருக்கும். இங்கிலாந்துக்கு அருகே வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரில் ரான் எக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்தார். மென்தாலால் காற்றோட்டத்தில் மாற்றம் இல்லை. காற்று நன்றாகப் போகிறது என்ற உணர்வு மட்டுமே கூடியது. சளி பிடித்த இரவில் அந்த உணர்வும் தூக்கத்துக்கு உதவும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சளி குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. தலைவலியில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. இறுக்கத்தால் வரும் தலைவலிக்கு, ஆல்கஹாலில் 10 சதவீதம் கலந்த பெப்பர்மிண்ட் எண்ணெயை நெற்றியில் தடவிப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று 1996இல் வந்தது. 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடான நிவாரணம் அதில் தெரிந்தது.

நெற்றியில் தடவும் பழக்கத்துக்கு இந்த ஊரில் பெரிய வரலாறே உண்டு. லேவாதேவிக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த குடும்பங்களின் ஊர் இது. புலித் தைலம் பிறந்தது ரங்கூனில், ஒரு சீன மருந்துக் கடையில். கோடாலித் தைலம் 1928 முதல் சிங்கப்பூரிலிருந்து வருகிறது. இன்றும் சிங்கப்பூரிலிருந்து வருபவரின் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாவிட்டால் ஆச்சிமார் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இரண்டிலும் மென்தாலும் கற்பூரமும் உண்டு.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் புதினா உப்பு என்பது உண்மையில் உப்பு அன்று. ஊசி ஊசியாக நிற்கும் மென்தால் படிகம். அதையும் ஓம உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் சம அளவில் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு துளி தண்ணீர் சேர்க்காமல், அடுப்பில் வைக்காமல், படிகங்களின் ஓரம் ஈரமாகும். ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். கடைசியில் தெளிந்த திரவம் நிற்கும். மென்தால் உருக 42 டிகிரியும், ஓம உப்பான தைமால் உருக ஏறத்தாழ 50 டிகிரியும், கற்பூரம் உருக 170 டிகிரிக்கு மேலும் வேண்டும். ஒன்றின் மூலக்கூறுகள் மற்றொன்றின் ஒழுங்கான அடுக்குக்குள் நுழைந்து கலைத்துவிடுவதால், கலவையின் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே போய்விடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் செய்து காட்ட இதைவிட நல்ல வேதியியல் சோதனை எனக்குத் தெரியவில்லை. இந்தத் திரவத்தைச் சில துளி தேங்காய் எண்ணெயில் கலந்து முழங்காலில் தேய்க்கலாம். உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது; கற்பூரம் சிறு அளவில் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும்.

கைக்குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ மென்தால் உள்ள எந்தத் தைலத்தையும் தடவாதீர்கள். மென்தால் ஆவி பட்டதும் சிசுவின் குரல்வளை இறுகி மூச்சு நின்றுவிடக்கூடும். இரத்தசோகை உள்ளவர்கள் பெப்பர்மிண்ட் தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் தடுக்கும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கொசுவை விரட்ட இதன் எண்ணெயை நம்ப வேண்டாம். சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும், வலையே மேல்.

வளர்க்க விரும்புபவர்களுக்கு ஒன்று. பெப்பர்மிண்ட் குளிர்நாட்டுச் செடி. பூக்க நீண்ட பகல் வேண்டும். காரைக்குடியில் ஆண்டின் மிக நீளமான பகலே ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். குறுகிய பகலிலும் வெம்மையான இரவிலும் வளரும் இலையில் மென்தால் குறைந்து, புலிகோன், மென்தோஃபியூரான் போன்ற கசப்புப் பொருள்கள் கூடும். இந்தியாவில் மென்தாலுக்காகப் பயிராவது பெப்பர்மிண்ட் அன்று, ஜப்பானிய புதினா என்ற வேறு வகை. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி பக்கம் அது பெருமளவில் விளைகிறது. நம் செம்மண் பூமியில் மதிய வெயில் படாத தாழ்வாரத்து ஓரம், அகலமான தொட்டி, நிறைய மக்கு உரம், தினமும் தண்ணீர் என்று வைத்தால் இலைக்குக் குறைவிருக்காது. முற்றிய இலைகளைப் பறியுங்கள். இளந்தளிரில் மென்தோனாக இருக்கும் பொருள் இலை முதிரும்போதுதான் மென்தாலாக மாறுகிறது. பெப்பர்மிண்ட் விதை என்று பாக்கெட்டில் விற்பதை வாங்க வேண்டாம். கலப்பினம் என்பதால் இந்தச் செடி முளைக்கக்கூடிய விதை தருவதில்லை. தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் போதும், பத்துப் பதினைந்து நாளில் தளிர்த்துவிடும்.