ரத்தத்துக்கு விலை இல்லை, செய்கூலி உண்டு

சித்தப்பாவுக்குப் போன மாதம் வயிற்றில் அறுவை சிகிச்சை. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். வீடு திரும்பியபின் வந்த பில்லைச் சித்தி என்னிடம் நீட்டி, ஒரு வரியை விரலால் அழுத்திக் காட்டினார். "இது ரத்தக் கட்டணமாம்ப்பா. ஆஸ்பத்திரியில தமிழ்ல சொன்னாங்க. நம்ம புள்ளைங்க சும்மா குடுத்ததை நமக்கே விக்கிறாங்களா?" அவர் மகன், என் தம்பி முறை, சிங்கப்பூரில் தோபி காட் ரத்த வங்கிக்கு ஆண்டில் மூன்று முறையாவது போய்க் கை நீட்டுகிறவன். அவனும் பக்கத்தில் நின்று, "அப்படின்னா நான் இனிமே எதுக்குப் போகணும்?" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பில்லில் ஆங்கிலத்தில் இருந்தது 'பிளட் புராசஸிங் ஃபீ'. அதைத்தான் யாரோ ஒருவர் 'ரத்தக் கட்டணம்' என்று தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார். இதை நான் கேட்பது முதல் தடவை அல்ல. நடுவில் இருந்த 'புராசஸிங்' எங்கே போனது? அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் வேர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'புராசஸ்' லத்தீனிலிருந்து வந்தது, முன்னே செல்வது என்பது அடிப்படைப் பொருள்; ஒன்றை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கொண்டுபோகும் வேலை என்று பிறகு விரிந்தது. ரத்தம் வடசொல், சிவந்தது, நிறமேறியது என்று பொருள். நம் குருதியும் 'குரு' என்ற நிறத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது என்பார்கள். 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்று தொல்காப்பியமே சொல்கிறது. எனக்குக் குருதிதான் பிடிக்கும், ஆனால் மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்று ஒரு பாட்டியிடம் பேசும்போது ரத்தம் என்றுதான் சொல்வேன். விலை என்பது 'வில்' என்ற வினையிலிருந்து வந்தது, விற்பவன் இருந்தால்தான் விலை. கட்டணம் 'பணம் கட்டு' என்பதிலிருந்து. அவ்வளவுதான்.

இப்போது 'ரத்தக் கட்டணம்' ஏன் தப்பு என்று பார்க்கலாம். தமிழில் கட்டணத்துக்கு முன்னால் ஒரு பொருளின் பெயரை வைத்தால் காதில் என்ன விழுகிறது? தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம். நான் செலவழித்த தண்ணீருக்குக் காசு, நான் எரித்த மின்சாரத்துக்குக் காசு. அதே அச்சில் வார்த்த 'ரத்தக் கட்டணம்' என் உடம்புக்குள் போன ரத்தத்துக்குக் காசு என்றுதான் ஒலிக்கும். சித்திக்குத் தமிழ் சரியாகத்தான் புரிந்தது. சொன்னவர்தான் தவறாகச் சொன்னார்.

உண்மை என்னவென்றால், சிங்கப்பூரில் ரத்தம் கொடுப்பவருக்குப் பணம் கிடையாது, பெறுபவரிடம் ரத்தத்துக்கு விலையும் வாங்குவதில்லை. தேசிய அளவில் சுகாதார அறிவியல் ஆணையம் இதை நடத்துகிறது, கொடுப்பவர்களைத் திரட்டும் வேலை 2001இலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. நோயாளியின் பில்லில் வருவது, எடுத்த ரத்தத்தை ஏற்றத் தகுந்ததாக ஆக்கும் வேலைக்கான செலவு. அந்த வேலை சின்னதல்ல. ஒவ்வொரு பைக்கும் வகை பார்க்க வேண்டும், எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சி, சிஃபிலிஸ் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பையைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரிக்க வேண்டும். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரிக்குள் வைத்தால் 42 நாள் வரை தாங்கும். தட்டணுவைக் குளிரில் வைக்க முடியாது, 20லிருந்து 24 டிகிரியில் இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் அதன் ஆயுள் ஐந்து முதல் ஏழு நாள்தான். பிளாஸ்மாவை உறைய வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆள், கருவி, மின்சாரம் எல்லாம் வேண்டும்.

சரி, 'புராசஸிங்'கை விடாமல் மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைத்தது 'பதப்படுத்தும் கட்டணம்'. இதை ஒரு தாளில் அச்சிலேயே பார்த்தேன், இதன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் யோசித்துச் செய்தது போலத் தோன்றும் தவறு இது. பதம் நல்ல சொல். பாகு பதம் என்கிறோம், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் 'பதப்படுத்து' என்றால் இன்று யாருக்கும் தோலும் மீனும் டின்னில் அடைத்த இறைச்சியும்தான் நினைவுக்கு வரும். அதிலும் 'பதப்படுத்தப்பட்ட உணவைக் குறையுங்கள்' என்று சுகாதார அறிவுரைகளில் ஓயாமல் நமக்குச் சொல்கிறார்கள். அதே நாக்கால் 'உங்களுக்குப் பதப்படுத்தப்பட்ட ரத்தம் ஏற்றினோம்' என்றால் எழுபது வயதுக்காரர் என்ன நினைப்பார்? ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சிட்ரேட் கலந்திருக்கும், ஆகவே அந்தச் சொல் முழுப் பொய் இல்லை என்று ஒருவர் வாதிட்டார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேலையின் ஒரு நுனி மட்டும்தான். சோதனை, பிரிப்பு, வகை பார்ப்பது எதுவும் 'பதப்படுத்து'வில் அடங்காது. கெடாமல் வைப்பதைவிட, நோய் இல்லை என்று உறுதி செய்வதுதான் இங்கே பெரிய வேலை.

'செயலாக்கக் கட்டணம்' என்றும் எழுதுகிறார்கள். திட்டத்தைச் செயலாக்கலாம். ரத்தத்தை எப்படிச் செயலாக்குவது? வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் 'புராசஸிங் ஃபீ' என்று வரும் இடத்துக்கு யாரோ போட்ட சொல்லை, அகராதியில் ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக இங்கே இழுத்து வந்திருக்கிறார்கள். 'பரிசோதனைக் கட்டணம்' ஓரளவு நெருங்குகிறது, ஆனால் பில்லில் நோயாளிக்குச் செய்த ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே தனி வரியாக இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? லிட்டில் இந்தியா வட்டாரத் தேக்காவில் எந்த நகைக்கடைக்குள் போனாலும் இருக்கிறது. செய்கூலி.

சின்ன வயதில் அம்மாவோடு போயிருக்கிறேன். அம்மா பாட்டியின் பழைய வளையலைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவருவார். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, எடையைத் தாளில் குறித்து, அடியில் ஒரு கோடு போட்டு 'செய்கூலி' என்று எழுதுவார். தங்கம் எங்களுடையது, அதற்குக் காசு இல்லை. உருக்கி, அடித்து, தோடாக்கிக் கொடுக்கும் கைக்குத்தான் காசு. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை, அந்தச் சொல்லே விளக்கிவிட்டது. அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரவைக்கூலி, துணியைக் கொடுத்தால் தையற்கூலி. பொருளுக்கு ஒன்று, உழைப்புக்கு ஒன்று என்று தமிழ் எவ்வளவு காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது! கடையின் தங்கத்தையே வாங்கினாலும் தங்க விலை ஒரு வரி, செய்கூலி இன்னொரு வரி. ரத்தத்துக்கான பில் என்பது முதல் வரி இல்லாத நகை பில். ஆகவே 'ரத்தச் செய்கூலி' என்பேன். செய்தொழில் போல வினைத்தொகை, இலக்கணத்திலும் குறையில்லை.

தமிழாசிரியரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது முகம் சுளித்தார். "கூலியா? நம் தாத்தாக்களை அப்படித்தானே கூப்பிட்டான்" என்றார். அந்த வலி எனக்கும் தெரியும். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் போன அந்தச் சொல் ஆளையே குறிக்கும் வசையானது. அது தமிழிலிருந்து போனது என்பார்கள், குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயர் என்பாரும் உண்டு. எப்படியானாலும் நம் மொழியில் கூலி என்பது ஆள் இல்லை, உழைப்புக்கு உரிய ஊதியம். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் சொன்னபோது அதில் இழிவு எங்கே இருந்தது? வெள்ளைக்காரன் கெடுத்த பொருளுக்காக நம் சொல்லை நாமே கைவிட வேண்டுமா? கூடாது என்பதே என் பதில்.

'ரத்த வங்கி'யும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது, போட்டு எடுக்கும் கணக்கைப் போல நினைத்து வைத்தார். இந்தியாவில் 2020இல் விதியைத் திருத்தி 'ரத்த மையம்' என்று மாற்றிவிட்டார்கள். வங்கி என்று சொல்லிவிட்டு, காசைப் பற்றி நினைக்காதே என்றால் எப்படி?

நோயாளியிடம் இந்தப் பணத்தை வாங்கலாமா கூடாதா என்ற கேள்விக்கும் நல்ல சொல் உதவும். இங்கிலாந்தில் நோயாளி ஒன்றும் கட்ட வேண்டாம், ஆனால் அங்கும் மருத்துவமனை ஒவ்வொரு பைக்கும் ரத்தச் சேவைக்குப் பணம் கொடுக்கிறது. செய்கூலியை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏழைக்காக அரசு கொடுக்கட்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் செய்கூலிக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் அது விலை, அது கூடாது. இந்தியாவில் 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், ரத்தம் விற்பனைக்கு அல்ல, சிவப்பணுவா பிளாஸ்மாவா என்பதைப் பொறுத்து 250 முதல் 1,550 ரூபாய் வரைதான் வாங்கலாம் என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. 'ரத்தக் கட்டணம்' என்று எழுதினால் எவ்வளவு வாங்கினாலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். செய்கூலி என்று எழுதினால் "என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு?" என்று நோயாளி கேட்க முடியும்.

அன்று சித்தியிடம் பில்லைத் திரும்ப வாசித்தேன். "ரத்தத்துக்குக் காசு இல்ல சித்தி. இது செய்கூலி." கொஞ்ச நேரம் பில்லையே பார்த்தார். அப்புறம், "சேதாரமும் இதுலயே சேர்த்தியா?" என்று கேட்டார். சேர்த்திதான் என்றேன், நாள் கடந்து வீணாகும் பைகளும் சோதனையில் தேறாத பைகளும் உண்டு என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வரியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.