‘போட் மெயில்’ என்றால் என்ன?

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலை ராமநாதபுரம் பக்கத்தில் இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள். “போட் மெயில்ல டிக்கெட் போட்டாச்சு” என்று சொல்லும்போது அதில் போட் எங்கே, மெயில் எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை.

முதலில் மெயில். பழைய பிரெஞ்சு மொழியில் இதன் மூலச்சொல்லுக்குப் பை, பயண மூட்டை என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல் கடிதங்கள் அடைத்த பையைக் குறித்தது, அப்புறம் பைக்குள் இருந்த கடிதங்களுக்கே பெயராகிவிட்டது. தபால் பைகளை ஏற்றிச் செல்லும் ரயில் மெயில் ட்ரெயின். தபால் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால் அந்த வண்டிக்கு நிறுத்தம் குறைவு, வழியில் முன்னுரிமை உண்டு. அதனால் ‘மெயில்’ என்றாலே வேகமான வண்டி என்று மனதில் பதிந்துவிட்டது. இன்று மெயிலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் கட்டணம் ஒன்றுதான்.

சரி, போட்? மெயில் வண்டிகளுக்குப் பெரும்பாலும் போகும் ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள்: பம்பாய் மெயில், திருவனந்தபுரம் மெயில். இந்த வண்டியின் பெயரில் ஊர் இல்லை. தண்டவாளம் முடிந்த இடத்தில் காத்திருந்த கப்பலின் பெயரைத்தான் இது சுமந்தது. கப்பலோடு இணையும் ரயிலை ‘போட் ட்ரெயின்’ என்பது பிரிட்டிஷ்காரர்களின் வழக்கம். லண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகம் போய் அயர்லாந்து தபாலைக் கப்பலில் சேர்த்த ‘ஐரிஷ் மெயில்’ 1848-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதே ஏற்பாடுதான் இங்கே இலங்கைக்கு.

ஆரம்பத்தில் கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை போய் அங்கிருந்து கப்பல் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் இலங்கைக் கரையில் இருக்கும் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு. ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற கப்பல்கள் இந்த வழியில் ஓடின. ஏட்டில் ‘இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ்’, மக்கள் வாயில் போட் மெயில்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அன்று கடல் அடித்துச் சென்றது போட் மெயிலைத்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. போனது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டி. அதில் இருந்தவர்களின் நினைவுக்காகவாவது அந்த வண்டி எது என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும். பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடி, 1980-களில் அதுவும் நின்றது. போட் போய்விட்டது, பெயரில் மட்டும் இருக்கிறது.

இனி, போட் மெயிலைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் மெயிலுக்கான சொல். ‘தபால்’ நமக்கு நன்றாகப் பழகிய சொல். மராத்தியிலும் ‘டபால்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இங்கே ‘அஞ்சல்’தான் பிடித்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தபால் துறைக்கே அஞ்சல் என்றுதான் பெயர். மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர் தன் எல்லை வரை ஓடிப் பையை அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் அங்கிருந்து ஓடுவார். இலங்கைத் தமிழில் ரிலே பந்தயத்தை ‘அஞ்சலோட்டம்’ என்பதில் அந்தக் கைமாறும் பொருள் அப்படியே இருக்கிறது. மெயில் என்ற சொல்லில் இருப்பது பை. அஞ்சலில் இருப்பது அந்தப் பை கைமாறிப் போகும் ஓட்டம். ரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து இன்னொரு ரயிலுக்கும் பை மாறிய இந்த வழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

‘போட்’ என்பதற்குப் படகு என்று அகராதிப்படி போட்டால் துடுப்பு போடும் தோணிதான் கண்முன் வரும். ஓடியதோ நீராவிக் கப்பல். அதனால் ‘படகு அஞ்சல்’ வேண்டாம். பொருள் விளக்கவேண்டிய இடத்தில் ‘கப்பல் அஞ்சல் வண்டி’ என்று எழுதலாம். பெயராக வரும் இடத்தில் போட் மெயில், போட் மெயிலாகவே இருக்கட்டும்.